யார் மூத்தவர்? பேராசிரியர் பதவியும் ஒரு றப்பர் முத்திரையும்

பக்கத்து வீட்டுப் பிள்ளை பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். தகுதிகாண் விரிவுரையாளர், இன்னும் நிரந்தரமாகவில்லை. போன மாதம் ஒரு பின்னேரம் வேலியடியில் நின்று கேட்டாள்: "மாமா, பேராசிரியர்மார் ஆர் சீனியர் எண்டு வழக்குப் போடுகினம் எண்டு பேப்பரில வருது. படிச்ச ஆக்கள் இதுக்கேன் கோட்டுக்குப் போகினம்?"

நான் வன்னிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தின் தாபனக் கிளையில் 25 வருடம் கோவை (பைல்) தூக்கியவன். நியமனக் கடிதம், பதவி உயர்வு, சம்பள ஏற்றம் எல்லாம் அந்தக் கிளையின் மேசைகளைத் தாண்டித்தான் போகும். ஆனபடியால் பிள்ளையின் கேள்விக்கு வேலியடியில் நின்று பதில் சொல்லி முடியவில்லை. எழுதத் தொடங்கினேன்.

வவுனியா பஸ் நிலையத்தில் இருந்தே தொடங்கலாம். முல்லைத்தீவுக்குப் போக இரண்டு பஸ் நிற்கின்றன. ஒன்று முதலில் வந்து நின்றது. மற்றதன் பெயரை நேரம் பார்ப்பவர் தன் தாளில் முதலில் எழுதிவிட்டார். "நான் வந்து அரை மணித்தியாலம்" என்கிறார் ஒரு சாரதி. "தாளைப் பாருங்கோ" என்கிறார் மற்றவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்த மணிக்கூட்டைப் பார்ப்பது என்பதில்தான் சண்டை. பல்கலைக்கழக மூப்புத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்தச் சாதிதான். அங்கே மணிக்கூட்டுக்குப் பதிலாகத் திகதி.

மூப்பு, சேவை மூப்பு, சிரேஷ்டத்துவம் என்றெல்லாம் சொல்வது ஒன்றைத்தான்: ஒரே தரத்தில் இருக்கும் இருவரில் யார் முதலில் அந்தத் தரத்துக்கு வந்தார் என்ற வரிசை. வயதைப் பார்ப்பதில்லை. மொத்தம் எத்தனை வருடம் படிப்பித்தார் என்பதையும் முதலில் பார்ப்பதில்லை. 30 வருடம் வேலை செய்த சிரேஷ்ட விரிவுரையாளரும் நேற்றுப் பேராசிரியரானவரும் ஒரே துறையில் இருந்தால், தரத்தில் முன்னுக்கு நிற்பவர் பேராசிரியர்தான்.

தரங்கள் என்று பார்த்தால், தகுதிகாண் விரிவுரையாளரில் ஏறத் தொடங்கி சிரேஷ்ட விரிவுரையாளர் இரண்டாம் தரம், முதலாம் தரம், பேராசிரியர், சிரேஷ்ட பேராசிரியர் என்று ஏணி போகும். இணைப் பேராசிரியர் என்று இடையில் ஒரு படியும் உண்டு. கீழ்ப்படிகளில் சண்டை குறைவு. பட்டமும் காலமும் சரியாக இருந்தால் ஆள் ஏறிவிடுவார். பேராசிரியர் படிக்கு வரும்போதுதான் சட்டத்தரணி வருவார்.

ஏனென்றால் அந்தப் படிக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கதிரை: துறைக்கென்று அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பதவி வெற்றிடமாகும், விளம்பரம் வரும், விண்ணப்பித்தவர்களில் ஒருவர்தான் அதில் இருக்கலாம். மற்றது தகைமை வழி. இதில் வெற்றிடம் வேண்டியதில்லை. உங்கள் படிப்பித்தலும் ஆய்வும் பங்களிப்பும் குறித்த புள்ளியைத் தொட்டால் நீங்கள் பேராசிரியர்; அடுத்த அறைக்காரரும் தொட்டால் அவரும் பேராசிரியர். ஆட்களுக்கு அதிகம் பிடிபடாத இடம் இது. அரசாங்கக் கந்தோரில் ஒருவர் உயர்ந்தால் மற்றவருக்கு அந்தக் கதிரை இல்லாமற் போகும். தகைமை வழியில் அப்படி யாரும் யாருடைய கதிரையையும் எடுப்பதில்லை. ஒரு துறையில் மூன்று பேராசிரியர்கள் இருக்கலாம். அவர்களில் யார் முதல் என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும் கேள்வி.

அதற்குத் திகதி வேண்டும். எந்தத் திகதி?

ஒரு தகைமைப் பதவி உயர்வின் கோவையைத் திறந்தால் குறைந்தது நாலு திகதி கிடக்கும். விண்ணப்பம் கையளித்த நாள், தெரிவுக் குழு கூடி நேர்முகம் கண்ட நாள், பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவை அங்கீகரித்த நாள், கடிதம் கைக்குக் கிடைத்த நாள். முதலாவதுக்கும் நாலாவதுக்கும் இடையில் வருடங்கள் போகலாம். விண்ணப்பதாரியின் ஆய்வுகள் வெளியாட்களான துறை வல்லுநர்களுக்குப் போக வேண்டும். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார், ஒருவர் பதில் போடமாட்டார், ஒருவர் ஆறு மாதம் கழித்து "நேரமில்லை" என்று திருப்பி அனுப்புவார். இந்தத் தாமதத்துக்கு விண்ணப்பதாரி பொறுப்பல்ல என்பதால், பதவி உயர்வு பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகப் பின்னோக்கித் திகதியிடப்படும். "இந்தத் திகதியிலிருந்து செயல்வலுப் பெறும்வண்ணம்" என்று கடிதத்தில் ஒரு வரி வரும். எனக்குத் தெரிந்து பேராசிரியர்மார் கடிதத்தில் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

நியாயமான ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இன்று துறையில் மூத்த பேராசிரியர் என்று எல்லோரும் நினைக்கிற ஒருவர், நாளை இன்னொருவரின் கடிதம் வந்ததும் இரண்டாம் ஆளாகிவிடலாம். பிந்தி வந்த கடிதத்தில் முந்திய திகதி இருக்கும். முதலாமவருக்கு அது பின்கதவால் வந்த மாதிரித் தெரியும், இரண்டாமவருக்கோ தன் உரிமை தாமதமாக வந்து சேர்ந்த மாதிரி. இரண்டு பேரிலும் பிழையில்லை.

இனி றப்பர் முத்திரைக்கு வருகிறேன். ஆட்களின் பெயர் வேண்டாம், இடத்தின் பெயரும் வேண்டாம்.

ஒரு யூலை 29, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும். ஒரு மெடம் தடித்த கட்டோடு வந்தார்: பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம், இணைப்புகள், எட்டுப் பிரதி. பெறுகை முத்திரை வைத்திருக்கும் தம்பி ரயில் பிடிக்க மேசையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். "வைச்சிட்டுப் போங்கோ மெடம், நான் பாக்கிறன்" என்றேன். திங்கட்கிழமை ஓகஸ்ட் 1, தம்பி வந்து முத்திரை குத்தினார். அதே திங்கள் அதே துறையைச் சேர்ந்த ஒரு சேரின் விண்ணப்பம் பதிவுத் தபாலில் வந்தது. அதற்கும் அதே முத்திரை, அதே திகதி.

இரண்டரை வருடம் கழித்து இருவருக்கும் கடிதம் போனது. இருவருக்கும் ஓகஸ்ட் 1. திகதி ஒன்றானால் வழக்கமாக முந்திய தரத்தில் யார் முன்னே என்று பார்ப்பார்கள். முந்திய தரத்தில் சேர் முன்னே. மெடம் கடிதத்தைக் கையில் பிடித்தபடி என் மேசைக்கு வந்து கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "நான் வெள்ளிக்கிழமை இந்தக் கதிரையில இருந்தனான். நீங்கள் பாத்தனீங்கள். கடதாசி ஏன் பாக்கேல்லை?"

அதன் முடிவைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பிள்ளை கேட்ட அடுத்த கேள்வி: "சரி மாமா, இரண்டாம் ஆளா இருந்தா என்ன குறைஞ்சு போகுது?"

சட்டப்படி பார்த்தால், ஆட்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் குறையாது. மூத்தவர்தான் துறைத் தலைவர் என்று 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் இல்லை. துறைத் தலைவரைத் துணைவேந்தரின் விதப்புரைமேல் பேரவை நியமிக்கிறது. பீடாதிபதியைப் பீடச் சபை தேர்தலில் தெரிவுசெய்கிறது. துணைவேந்தர் பதவிக்குப் பேரவை மூன்று பெயர்களை அனுப்ப, சனாதிபதி ஒருவரை நியமிக்கிறார். இவற்றில் எங்கும் "மிக மூத்தவர்" என்று எழுதியிருக்கவில்லை.

ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. பல துறைகளில் தலைமை மூப்பின்படிதான் சுழல்கிறது. இன்னார் வெளிநாடு போனால் பதில் கடமைக்கு மூத்தவரைத்தான் போடுவார்கள். இந்த வழக்கம் வருடக்கணக்காக மாறாமல் இருந்தால் சட்டம் அதற்கும் ஓரளவு மதிப்புக் கொடுக்கும். நியாயமான எதிர்பார்ப்பு என்பது அதுதான்: நிறுவனம் இப்படித்தான் நடக்கும் என்று தன் நடத்தையாலோ வாக்காலோ நம்பவைத்துவிட்டு, காரணம் சொல்லாமல், ஆளைக் கேட்காமல், திடீரென்று மாறக்கூடாது. இது மூப்பே உரிமை என்று சொல்வதற்குச் சமமல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு கொழும்புக்குப் போனவர்களின் பயணச் செலவை நான் கண்டிருக்கிறேன். அதுபோக சம்பளம், நிலுவை, சிரேஷ்ட பேராசிரியருக்கு வேண்டிய சேவைக் காலம் எல்லாமே அந்த ஒரு திகதியிலிருந்துதான் எண்ணப்படும். கௌரவத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

திகதிச் சண்டையோடு இன்னொரு சண்டையும் உண்டு: புள்ளிச் சண்டை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சுற்றுநிருபம் மூலம் புள்ளித் திட்டம் தரும். 1997இல் 723ஆம் இலக்கம், 2009இல் 916ஆம் இலக்கம் என்று திட்டம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. படிப்பித்தல், ஆய்வு, அறிவைப் பரப்பலும் நிறுவன, தேசியப் பங்களிப்பும் என்று பிரித்துப் புள்ளி போடப்படும். கூட்டாக எழுதிய கட்டுரைக்கு ஒருவருக்கு எவ்வளவு? மாநாட்டுச் சுருக்கம் ஆய்விதழ்க் கட்டுரை ஆகுமா? விண்ணப்பித்தபோது பழைய திட்டம், நேர்முகத்தின்போது புதிய திட்டம் என்றால் எதன்படி? இந்தக் கடைசிக் கேள்வியில் திரும்பவும் திகதி வந்து உட்கார்ந்துவிடுகிறது பாருங்கள்.

இனி எங்கே போவது. முதலில் பேரவைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். வாய்ப்பேச்சு கோவையில் ஏறாது. புள்ளித்தாளும் கூட்டக் குறிப்பும் தரமாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் வந்த பிறகு தாபனக் கிளைகளில் கோவைகள் கொஞ்சம் ஒழுங்காகின என்பது என் அபிப்பிராயம். முந்தி "கோவை மேல போயிருக்கு" என்றால் பேச்சு முடிந்தது.

அடுத்தது பல்கலைக்கழக சேவைகள் மேன்முறையீட்டுச் சபை. பல்கலைக்கழகங்கள் சட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. ஆட்சேர்ப்புத் திட்டத்துக்கோ நியமன நடைமுறைக்கோ முரணாக நியமனமோ பதவி உயர்வோ நடந்தது என்று குற்றஞ்சாட்டப்பட்டால் அதை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. சொற்களைக் கவனியுங்கள்: திட்டத்துக்கும் நடைமுறைக்கும் முரணாக. "அவரைவிட நான் கெட்டிக்காரன்" என்பதற்கு அங்கே இடமில்லை.

நீதிமன்றம் என்றால் இரண்டு வழி. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம்: சட்டத்துக்குப் புறம்பான முடிவை வெறிதாக்கும் உறுதிகேள் எழுத்தாணை, செய்ய வேண்டிய கடமையைச் செய்யச் சொல்லும் ஆணையீட்டு எழுத்தாணை. மற்றது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. ஒரே நிலையில் இருந்த இருவரை வேறுவேறாக நடத்தினார்கள் என்பதே அங்கே வாதம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் உயர் நீதிமன்றம்தான் உங்கள் உச்ச நீதிமன்றம் மாதிரி நாட்டின் தலை நீதிமன்றம். நீங்கள் உயர் நீதிமன்றம் என்பதை நாங்கள் மேல் நீதிமன்றம் என்கிறோம்.

வவுனியாவிலும் ஒரு மேல் நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே போடக்கூடாதா என்று கேட்பார்கள். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை அதிகாரம் உண்டு. ஆனால் மாகாண சபைக்குரிய விடயங்களில் மட்டும். பல்கலைக்கழகம் மத்திக்குரியது. ஆகவே கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்குத்தான் போக வேண்டும். சுமார் 250 கிலோமீற்றர். காலையில் வழக்கென்றால் முதல்நாள் இரவு ரயில், அங்கே முகம் கழுவி வெள்ளை உடுப்பு, பத்து மணிக்கு அழைத்து பத்தே காலுக்கு "அடுத்த தவணை". வன்னியில் வேலை செய்யும் ஒருவருக்கு வழக்கின் செலவில் சட்டத்தரணியின் கட்டணம் ஒரு பங்குதான்.

அடிப்படை உரிமை மனுவில் ஆட்கள் விழுகிற கிடங்கு ஒன்று உண்டு. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. பேரவைக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காக மூன்று மாதம் மரியாதையாகக் காத்திருந்தவரின் மனு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப்படாமலே தள்ளுபடியாகலாம். இதற்கு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தில் ஒரு சிறு விலக்கு இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் எண்ணப்படாது. ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் வவுனியாவிலேயே இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே, எங்கள் பக்கத்து ஆட்கள் கொழும்புக்குப் போகாமல் செய்யக்கூடிய ஒரே காரியம் இது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டை மட்டும் காட்டினால் போதாது, விசாரணை உண்மையாக நடந்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. எழுத்தாணைக்கு இப்படி ஒரு மாதக் கணக்கு இல்லை. ஆனாலும் காரணமில்லாத தாமதத்தை நீதிபதிகள் விரும்புவதில்லை.

வழக்கில் எதிராளி யார்? பல்கலைக்கழகம் மட்டும் என்று நினைக்கிறார்கள். இல்லை. உங்கள் திகதி முன்னே போனால் யாருடைய வரிசை பின்னே போகுமோ அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். தன்னைப் பாதிக்கும் தீர்ப்பில் ஒருவருக்குப் பேச இடம் கொடுக்க வேண்டும் என்பது இயற்கை நீதி. அவரை விட்டுவிட்டுப் போட்ட மனு அந்தக் குறை ஒன்றாலேயே தள்ளுபடியாகலாம். பெரிய ஊரில் இது வெறும் சட்ட விடயம். வன்னியில் அப்படி இல்லை. காலை ஒரே பஸ்ஸில் வருவார்கள், மத்தியானம் ஒரே கன்ரீனில் சாப்பிடுவார்கள். அழைப்பாணை போன அன்றிலிருந்து ஒருவர் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வரத் தொடங்குவார்.

வென்றால் என்ன கிடைக்கும் என்பதிலும் ஏமாற்றம் இருக்கிறது. நீதிபதி உங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் புள்ளி போடமாட்டார். குழு முறையாக அமைந்ததா, போட்டியாளரே குழுவில் இருந்தாரா, உரிய சுற்றுநிருபத்தைப் பின்பற்றினார்களா, பார்க்கக்கூடாததைப் பார்த்தார்களா என்றுதான் பார்ப்பார். பிழை இருந்தால் முடிவை வெறிதாக்கி "திரும்பப் பரிசீலியுங்கள்" என்று அனுப்புவது வழமை. கோவை கொழும்பிலிருந்து திரும்பி அதே மேசைக்கு வரும்.

இந்தியாவிலும் இந்தத் தலையிடி உண்டு. 1990இல் அங்கே உச்ச நீதிமன்றம் பொறியியலாளர்களின் மூப்பு வழக்கொன்றில், விதிப்படி நியமிக்கப்பட்டவரின் மூப்பு நியமன நாளிலிருந்தே எண்ணப்படும், நிரந்தரமாக்கிய நாளிலிருந்து அல்ல என்றது. விதிக்குப் புறம்பாகத் தற்காலிகமாக இருந்த காலம் சேராது. 1995இல் விக்ரம் பல்கலைக்கழக வழக்கில், தகைமை உயர்வால் பேராசிரியரானவரை நேரடியாகக் கதிரைக்கு நியமிக்கப்பட்டவரோடு ஒரே மூப்புப் பட்டியலில் கலக்க முடியாது என்றது. அந்த உயர்வு ஆளுக்குக் கொடுத்தது, கதிரைக்கு அல்ல என்பது நியாயம். எங்கள் நீதிமன்றங்களை இந்தத் தீர்ப்புகள் கட்டுப்படுத்தா. ஆனால் சட்டத்தரணிமார் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டு வாசல் உள்ள எந்த வீட்டிலும் முதலில் வந்தது யார் என்று கேள்வி வரும் போலிருக்கிறது.

பிள்ளைக்கு விளங்கவேண்டிய இன்னொன்று. அவள் படிப்பிக்கும் இடம் 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமானது. ஒரு நிறுவனம் இப்படிப் பிரியும்போது பட்டியலும் பிரியும். பெரிய பட்டியலில் ஐந்தாம் ஆளாக இருந்தவர் சின்னப் பட்டியலில் முதலாம் ஆளாகலாம். அவருடைய திகதியில் ஒரு நாள்கூட மாறியிராது. மூப்பு என்பது ஆளின் சொத்து அல்ல, அவர் எந்த வரிசையில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சின்ன நிறுவனங்களில், துறைக்கு இரண்டு மூன்று மூத்தவர்களே உள்ள இடங்களில், ஒரு திகதி ஒரு பத்து வருடத்தின் தலைமையைத் தீர்மானித்துவிடும். அதனால்தான் அவளிடம் சொன்னேன்: எதைக் கொடுத்தாலும் பிரதியில் முத்திரையும் கையெழுத்தும் திகதியும் வாங்கு, அவர்கள் முகத்தைச் சுளித்தாலும் வாங்கு.

மெடத்தின் கதைக்கு வருகிறேன். அவர் நீதிமன்றம் போகவில்லை, பேரவைக்கு எழுதினார். ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். அவருடைய துறையின் சிற்றூழியர் ஐயா கட்டைத் தூக்கிக்கொண்டு கூட வந்திருந்தார்; அவர் கையில் துறையின் தபால் புத்தகம். அந்த வெள்ளிக்கிழமை அவர் புத்தகத்தை நீட்ட, நான் யோசிக்காமல் கையெழுத்து வைத்து "29/7" என்று போட்டிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை. புத்தகத்தை விரித்துக் காட்டியபோது என் கையெழுத்தை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். பேரவை சேரையும் கேட்டது, கேட்கத்தான் வேண்டும். அவர் ஒரு வரி எழுதி அனுப்பினார்: தனக்கு ஆட்சேபனை இல்லை.

திகதி யூலை 29 ஆகத் திருத்தப்பட்டது. இதெல்லாம் முடிய இன்னுமொரு வருடம் போயிருந்தது. அதற்குள் துறைத் தலைமை சேருக்குப் போய், ஆட்கள் அந்தப் பேச்சையே மறந்துவிட்டார்கள். மூன்று நாளுக்குரிய சம்பள வித்தியாசத்துக்கு நிலுவை வவுச்சர் போடச் சொல்லிக் கோவை என் மேசைக்கு வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு. கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்து அனுப்பினேன்.